அயினித் தடியை வீட்டிலேயே அறுத்து எட்டடி சாப்பாட்டு மேசை: நடக்குமா?

2021 பிப்ரவரி 6

குமரி மாவட்டம் அருமனையிலிருந்து ஒரு தம்பி, பலா இனத்து மரமான அயினியைப் பற்றிக் கேட்டிருக்கிறார்: "வீட்டுக்குப் பின்னால் நிற்கும் அயினியை வெட்டப் போகிறோம். இடுப்பு உயரத்தில் சுற்றளவு 80 அங்குலம். எட்டடி நீளம், மூன்றரை அடி அகலத்தில் ஒரே பலகையாகச் சாப்பாட்டு மேசை போட ஆசை. மில்லில் கேட்டால் முழு அகலத்தில் அறுக்க வேண்டாம், பிளந்துவிடும் என்கிறார்கள். மிஷின் வாள் வைத்து வீட்டிலேயே அறுத்துவிட்டால் மேசை சும்மா கிடைத்த மாதிரிதானே அண்ணே?"

80ஐ 3.14ஆல் வகுத்துப் பாருங்கள் தம்பி. விட்டம் இருபத்தைந்தரை அங்குலம். தோலை உரித்து ஓரத்து வெள்ளையையும் செதுக்கினால் இருபத்திரண்டு நின்றால் பெரிது. மூன்றரை அடி என்றால் 42 அங்குலம். அயினி எவ்வளவு நல்ல மரமானாலும் தன்னைவிட அகலமான பலகையைத் தராது.

அடுத்தடுத்து அறுத்த இரண்டு பலகையில் ஒன்றைப் புரட்டிப் போட்டு ஓரத்தோடு ஓரம் ஒட்டினால் 42 வரும். ரேகையும் எதிரெதிராக ஓடிப் பார்க்க நன்றாக இருக்கும்.

சும்மா கிடைக்கும் என்ற கணக்குக்கு வருவோம். வாள் வாடகை, சங்கிலி, பெட்ரோல், தூக்க ஆள், இரண்டு மூன்று வருடம் காய வைக்க மழை படாத இடம். இதையெல்லாம் கூட்டினால் கடை மேசையின் விலையைத் தொட்டுவிடும். வீட்டில் அறுப்பதால் கிடைப்பது கடையில் வாங்க முடியாத அகலம், அவ்வளவுதான். அந்த அகலம் வேண்டாம் என்றால் மில்லுக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக இருங்கள்.

2021 பிப்ரவரி 7

தம்பியின் வீட்டுக்கு வருவது மூன்றடி இடவழியாம், லாரி வராதாம். அப்படியானால் வீட்டில் அறுப்பதற்கு நியாயம் இருக்கிறது.

தடி வியாபாரி விலை பேச வந்தால் அவர் கணக்கு இப்படிப் போகும்: சுற்றளவில் கால் பங்கை எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, அடி நீளத்தால் பெருக்கி, 144ஆல் வகுப்பார். 80 அங்குலச் சுற்று, ஒன்பதடி நீளம் என்றால் 20 x 20 x 9, வகுத்தால் 25 கன அடி. உண்மையான கன அளவு இதைவிடக் கால் பங்குக்கு மேல் கூடுதல். தோலும் கழிவும் போகட்டும் என்று விட்டுக்கொடுக்கும் பழைய கணக்கு இது, யாரும் ஏமாற்றவில்லை. சுற்றை நடுத் தடியில் அளக்க வேண்டும், மூட்டில் (அடிமரத்தில்) அளந்துவிட்டுச் சண்டைக்குப் போகாதீர்கள்.

வெட்டுமுன் கிராம அலுவலகத்திலும் வனத்துறையிலும் ஒரு வார்த்தை கேளுங்கள். மலைப்பகுதி மரங்களுக்கு 1955ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. உங்கள் கிராமம் அந்தப் பட்டியலில் உண்டா இல்லையா என்று அங்கேதான் சொல்வார்கள்.

2021 பிப்ரவரி 14

அறுப்பைப் பற்றி எழுதச் சொல்லிப் பலர் கேட்டிருந்தீர்கள். முதலில் என் பலகையின் கதை. 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயல் அன்று திருவட்டாறு பக்கம் எங்கள் விளையில் (தோட்டத்தில்) சாய்ந்த அயினி அது. மூட்டில் பத்தடிச் சுற்று. ரப்பரும் தென்னையும் வாழையும் விழுந்த கணக்கை எடுக்கவே ஆள் இல்லாத நேரம், இதை யார் பார்ப்பார்கள்? தழையை மட்டும் வெட்டி ஒதுக்கிவிட்டு, 2018 கோடைக்கு முன்னால் அறுத்தோம்.

மிஷின் வாளின் பட்டையில் மாட்டுகிற ஒரு இரும்புச் சட்டம் உண்டு, அலாஸ்கன் மில் என்பார்கள். வாளைத் தடிக்கு மேலே ஒரே ஆழத்தில் படுக்கவைத்து இழுத்துக்கொண்டு போக உதவும். உருண்டைத் தடியின் மேல் முதல் அறுப்புக்குச் சமதளம் இருக்காதே, அதற்கு அலுமினிய ஏணியைத் தடிமேல் முடுக்கி ரசமட்டம் பார்த்து, அதன்மேல் சட்டத்தை ஓட்டினோம். முதல் அறுப்பு முறுகினால் அடுத்த பலகை எல்லாமே முறுகும். ஏணிக்கு எவ்வளவு நேரம் செலவழித்தாலும் தகும்.

சங்கிலி முக்கியம். மரம் முறிக்கிற சாதாரணச் சங்கிலியில் பல் முப்பது டிகிரி சாய்வில் இருக்கும். நீளவாக்கில் அறுக்க அதைப் பத்து டிகிரிக்குத் தீட்ட வேண்டும், இல்லாவிட்டால் வாள் உதறும், பலகை முகத்தில் உழுத கோடு விழும். ஊரில் எல்லார் வீட்டிலும் இருக்கிற 58 சிசி வாள் மூன்றடி அகலத்துக்குப் போதாது. ஓடும், ஆனால் உயிரை விட்டு ஓடும். 90 சிசி வாடகைக்கு எடுத்தேன். கூட வந்த வாள்காரர் சும்மா சும்மா சொல்லிக்கொண்டிருந்தார்: "பைய போங்க, சவம் சூடாயிரும்."

வாள் போன தடம் மூன்று நூல் அகலம் (எட்டு நூல் ஓர் அங்குலம்). மில்லின் பட்டைவாள் ஒரு நூல்கூடத் தின்னாது. எட்டுப் பலகை அறுத்தால் கிட்டத்தட்ட ஒரு பலகை தூளாகவே போகும். அறுத்த இடைவெளி மூடிக்கொண்டு வாளைப் பிடிக்காமலிருக்க, பின்னாலேயே மர ஆப்பு செருகிக்கொண்டு வர ஒரு ஆள் வேண்டும்.

2021 மார்ச் 3

மேலே எழுதியதைப் படித்துவிட்டுக் குலசேகரத்துக்காரர் ஒருவர், "அந்தக் காலத்தில் மேலே ஒருத்தர் கீழே ஒருத்தர் நின்று ஆள்வாளால் அறுத்த பலகையில் ஒரு கோடு இருக்காது" என்கிறார். உண்மை. அப்பா காலத்து அரங்கு (உள்ளறை) கதவு அப்படி அறுத்ததுதான், கையால் தடவினால் இன்றும் தெரியும். அறுக்க ஆள் இருந்தால் சொல்லுங்கள், வாடகை வாளை இன்றே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

2021 ஜூன் 20

ஆரல்வாய்மொழியில் ஒருவர் மாமரப் பலகையை மொட்டைமாடியில் அடுக்கியிருக்கிறார், இரண்டு முனையும் கைவிரல் நுழையும் அளவு வெடித்துவிட்டதாம். கணவாய்க் காற்று காற்றாலையைச் சுற்றுகிற காற்று, பச்சை மரத்தை விட்டுவைக்குமா? நீர் முனை வழியாகத்தான் வேகமாக வெளியேறும். நடு இன்னும் பச்சையாக இருக்கும்போது முனை மட்டும் சுருங்கினால் வெடிக்கத்தானே செய்யும்.

அறுத்த அன்றே முனைக்குக் கெட்டியாகப் பெயின்டோ மெழுகோ பூசுங்கள். எங்கள் ஆசாரி சாணத்தைக் குழைத்து அப்பச் சொன்னார், அதுவும் வேலை செய்தது. பலகைக்குப் பலகை ஓரங்குலச் சட்டம் வைத்து, ஒரு சட்டத்துக்கு நேர் மேலே அடுத்த சட்டம் வருகிற மாதிரி அடுக்க வேண்டும். அடிப்பலகை தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், மேலே கனம். எங்கள் பக்கம் (கல்குளம், விளவங்கோடு) காற்று குறைவு, ஈரம் அதிகம். இங்கே வெடிப்பதைவிடப் பூசணம் பிடிப்பதுதான் பயம், அதனால் பக்கவாட்டைத் திறந்து விட்டேன். ஆரல்வாய்மொழிக்காரர் சாக்கு கட்டி மறைக்க வேண்டும். ஒரே மாவட்டம்தான், ஆனால் ஒரே பக்குவம் இரண்டு இடத்துக்கும் சரிவராது.

2021 நவம்பர் 22

இந்த மாத மழையில் ஊர் முழுக்கத் தண்ணீர். ஷெட்டுக்குள் வரவில்லை, ஆனால் பலகை ஈரம் குடித்திருக்கிறது. ஓரங்குலத்துக்கு ஒரு வருடம் என்று சொல்கிற கணக்குப்படி மூன்று அங்குலம் எப்போதோ காய்ந்திருக்க வேண்டும். காய்ந்தும்விட்டது. இப்போது ஏறியிருப்பது காற்றின் ஈரம், அது வரும் போகும்.

எவ்வளவு காய்ந்தது என்று பார்க்க ஊசி மீட்டர் வாங்கியவர்களுக்கு: அது மேல்தோலை மட்டும் சொல்லும். முனையிலிருந்து ஓரடி உள்ளே தள்ளி ஒரு சின்னத் துண்டு வெட்டி எடை போடுங்கள். பிறகு ஓவன் அடுப்பில் நூறு டிகிரிக்குச் சற்று மேலே வைத்து, எடை குறையாமல் நிற்கும்வரை காய விட்டு மறுபடி எடை போடுங்கள். 230 கிராம் 200 ஆனால், போன 30ஐ 200ஆல் வகுக்க, 15 சதவீதம் ஈரம். நம் ஊரில் காற்றில் மட்டும் காய்ந்த மரம் 14, 16 என்றுதான் நிற்கும். வெளிநாட்டு வீடியோவில் எட்டு சதவீதம் என்று சொல்வதைக் கேட்டு இங்கே காத்திருந்தால் பேரன் காலத்திலும் மேசை வராது. ஏசி ஓடுகிற அறைக்கு என்றால் விஷயம் வேறு, அங்கே பத்துக்குப் பக்கத்தில் இறங்கும்.

2022 ஜனவரி 30

சமதளமாக்கும் வேலை ஆரம்பம். பலகை தோல் பக்கம் குழிந்து, குறுக்கே மூன்று நூல் வளைந்திருந்தது. இரண்டு பக்கமும் நேரான சட்டம் வைத்து, அதன்மேல் ரவுட்டரை (மரம் சீவும் மின்கருவி) தாங்கும் வண்டி ஓட்டி, கொஞ்சம் கொஞ்சமாகச் சீவினேன். ஒரு முகத்தை மட்டும் சீவி விட்டால் மறுபடி வளையும். ஒரு முகம் சீவி, திருப்பி, அளவாக மறுமுகம் சீவி, பிறகு சில வாரம் சும்மா சாத்தி வைத்துவிட்டுத்தான் கடைசிச் சீவல்.

ஆசாரி எட்டிப் பார்த்துவிட்டு, "இது மேசையா வள்ளமா? இதில நாலு பேரு ஏறிக் குளச்சலுக்குப் போலாமே" என்றார். வள்ளத்துக்கும் அயினிதான் என்பதால் சிரிக்கவும் முடியவில்லை.

நடுவில் ஒரு இடத்தில் நீலக் கறுப்பாக ஒரு பட்டை, ஒரு சாண் நீளம், இரண்டு முனையும் கூராக மங்கிப் போகிறது. ரவுட்டரை நிறுத்திவிட்டு உளியால் தோண்டினேன். கொடி கட்ட எப்போதோ அடித்த கொக்கி, மரம் அதை விழுங்கி நாலங்குலம் உள்ளே வைத்திருந்தது. இரும்பும் மரத்தின் கறையும் சேர்ந்தால் இந்த நிறம் வரும். ஆக்சாலிக் ஆசிட் போட்டால் வெளுக்கும், நான் போடவில்லை, அப்படியே இருக்கட்டும். வீட்டை ஒட்டி நின்ற மரம் என்றால் கொக்கி, ஆணி, பந்தல் கம்பி ஏதாவது இருக்கும் என்று வைத்துக்கொண்டே வாளை எடுங்கள்.

2022 ஜனவரி 31

நேற்று சொல்ல விட்டது. அருமனைத் தம்பிக்கு ஒரு வருடத்துக்கு முன்னால் இரண்டு பலகையைப் புரட்டி ஒட்டச் சொன்னேன். இப்போது நான் செய்தால் வேறு மாதிரி செய்வேன்.

தடியின் நட்டநடு மையம் எந்தப் பலகையில் வருகிறதோ அது பிளக்கும், எங்களிடமும் பிளந்தது. மரம் வட்டம் சுற்றி வருகிற திசையில் சுருங்குவது, மையத்திலிருந்து தோலை நோக்கிய திசையில் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இந்த வித்தியாசத்தின் வலி முழுக்க மையத்தில்தான் விழுகிறது. பெரிய தடி உள்ளவர் மையத்தை விட்டுத் தள்ளி அறுக்கலாம். என் 38 அங்குல விட்டத்தில் மையத்திலிருந்து மூன்று அங்குலம் தள்ளினால் அகலம் அரை அங்குலம்தான் குறையும், கணக்குப் போட்டே பாருங்கள். மேசைக்கு எடுத்தது அப்படிப்பட்ட பலகைதான். நடுப்பலகை பெஞ்சுக்குப் போகும்.

சின்னத் தடி உள்ளவர் நடுப்பலகையையே எடுத்து, மையத்தோடு சேர்த்து இரண்டு மூன்று அங்குலத்தை நீளவாக்கில் கிழித்து எறிந்துவிட்டு, மீதி இரண்டு பாதியை ஒட்டலாம். அந்தப் பாதிகளில் ரேகை செங்குத்தாக நிற்கும், அசைவு பாதியாகும். அகலம் வேண்டுமானால் அடுத்த பலகையிலிருந்து இன்னொரு துண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே பலகை என்று சொல்லிக்கொள்ள முடியாது, மேசை ஒழுங்காக நிற்கும்.

2022 பிப்ரவரி 13

தக்கலைக்குப் போனவன் பத்மநாபபுரம் அரண்மனைக்குள் நுழைந்துவிட்டேன். மரவேலை பார்க்கப் போனால் மணி தெரியாது. தாய்க் கொட்டாரத்தில் ஏகாந்த மண்டபத்துத் தூண், ஒற்றைப் பலாமரத்தில் செதுக்கியது. அதற்கு முன்னால் நின்றுவிட்டு வந்தால் ரவுட்டரைத் தொடக் கூச்சமாக இருக்கிறது.

ஊட்டுப்புரையையும் பார்த்தேன். இரண்டு மாடி, மாடிக்கு ஆயிரம் பேர் சாப்பிட்ட கூடம் என்கிறார்கள். ஒரு மேசை கிடையாது! எல்லாரும் தரையில் இலை போட்டுச் சாப்பிட்டிருக்கிறார்கள். வீட்டில் சொன்னேன், "அப்ப நமக்கும் பாயைப் போட்டுத் தாரேன், ஷெட்டைக் காலி பண்ணுங்க" என்று பதில் வந்தது.

பலா சரிவருமா என்று கேட்டவருக்கு: தாராளமாக. அறுத்ததும் பளீர் மஞ்சள், வெயில் பட்டால் தேன் நிறமாகிப் பழுப்பாகும். அயினியும் அப்படித்தான், கொஞ்சம் மட்டு. பலகைமேல் ஒரு செய்தித்தாளை மறந்து வைத்திருந்தோம், எடுத்தபோது தாள் இருந்த இடம் மட்டும் வெளிறி நீள்சதுரமாக நின்றது. பிறகு அதுவும் கறுத்துச் சமமானது.

2022 மார்ச் 19

எப்பாக்ஸி, அதாவது ஊற்றிக் கெட்டியாக்கும் பிசின். நடுவில் நீல ஆறு ஓடுகிற மேசைப் படத்தைத் தினமும் ஒருவர் அனுப்புகிறீர்கள். உங்கள் வீடு, உங்கள் காசு. எனக்குப் பிடிக்காத காரணம் சொல்கிறேன். மேசைக்கு ஊற்றும் சாதாரண எப்பாக்ஸி அறுபது டிகிரிக்குச் சுற்றிலேயே இளக ஆரம்பிக்கும். நம் வீட்டில் புட்டுக்குடமும் மரச்சீனி (மரவள்ளி) அவித்த பானையும் அடுப்பிலிருந்து நேராக மேசைக்கு வருகின்றன. மரம் அசையும், எப்பாக்ஸி அசையாது, ஒட்டின ஓரம் என்றைக்காவது சொல்லிவிடும். சின்ன ஓட்டை, கொக்கி எடுத்த பள்ளம் இவற்றுக்கு அதையே நானும் ஊற்றினேன், கரித்தூள் கலந்து.

முனையில் ஒரு கீறல் ஓடியிருந்தது. அதற்குக் குறுக்கே இரண்டு பக்கமும் அகன்று நடுவில் ஒடுங்கிய கட்டை இரண்டு, புளியமரத்தில் செய்து பதித்தேன். கட்டையின் ரேகை கீறலுக்குக் குறுக்காக ஓட வேண்டும். கீறலை மூடுவது அதன் வேலை இல்லை, மேலே ஓடாமல் பிடித்து வைப்பதுதான்.

2022 ஏப்ரல் 24

கால். உயரம் முப்பது அங்குலம், நாற்காலி பதினெட்டு என்றால் அதுதான் சௌகரியம். ஒரு ஆளுக்கு இரண்டடி ஓரம் வேண்டும், எட்டடி நீளத்தில் பக்கத்துக்கு நாலு பேர். என் பலகையின் அகலம் மூட்டுப் பக்கம் 36 அங்குலம், தலைப்பக்கம் 31. தலைப்பக்கம் எதிரெதிரே இருப்பவர்களுக்கு நடுவில் மீன் குழம்புச் சட்டி வைக்க இடம் கொஞ்சம் நெருக்கம்தான்.

பலகையைக் காலோடு எப்படிப் பிடிப்பது என்பதில்தான் பல மேசை பாழாகிறது. பசை வேண்டாம், வட்டத் துளையில் இறுக்கிய ஸ்க்ரூவும் வேண்டாம். பலகைக்கு அடியில் குறுக்கே இரண்டு இரும்புச் சேனல் பதித்தேன். நடு போல்ட்டுக்கு மட்டும் வட்டத் துளை, ஓரத்து போல்ட்டுகளுக்கு அகலவாக்கில் நீள்துளை. பலகை விரிந்தால் போல்ட் துளைக்குள் நகரும். சேனல் பலகை மேலும் கீழும் வளையாமல் பிடிக்கும், அகலத்தில் விரிய விடும். நீளவாக்கில் மரம் அசைவது கணக்கில் எடுக்க வேண்டாத அளவு.

காலைக் கழற்றி மாட்டுகிற மாதிரி வையுங்கள். பச்சையில் நூற்றைம்பது கிலோவுக்குக் குறையாமல் இருந்த பலகை இப்போது எழுபது பக்கம், ஆனாலும் வாசலில் ஒருக்களித்துத்தான் நுழைந்தது.

2022 மே 15

பூச்சு. பியூ (பாலியூரித்தேன் வார்னிஷ்) அடித்தால் கண்ணாடி மினுக்கம், தண்ணீருக்கு அஞ்ச வேண்டாம். ஆனால் ஓரிடம் கெட்டால் முழு மேசையையும் உரசி மறுபடி அடிக்க வேண்டும். ஆளிவிதை எண்ணெய் என்றால் கெட்ட இடத்தை மட்டும் உரசித் துடைத்துவிடலாம். எண்ணெய்க்கே போனேன். கொதித்த எண்ணெய் என்று பெயின்ட் கடையில் விற்பதில் உலோக உலர்த்தி கலந்திருக்கும், நன்றாகக் காய்ந்து வாடை போன பிறகுதான் சாப்பாடு. துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள், தானாகத் தீப்பிடிக்கும். விரித்துக் காய வையுங்கள், அல்லது தண்ணீரில் முக்குங்கள்.

கருங்கல் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசலாமே என்கிறார். வள்ளத்துக்குப் பூசுவது அது. பூச்சி கிட்ட வராது, உண்மை. கையில் பட்டால் தோல் வெந்துபோகும், நிறமும் கறுப்பு. அதில் சோறு போட்டுச் சாப்பிட நான் வரவில்லை.

2022 ஆகஸ்ட் 21

மார்ச்சில் மேசைப் பலகையின் அகலத்தை மூட்டுப் பக்கம் அளந்து அடியில் எழுதி வைத்திருந்தேன். இன்று அளந்தால் இரண்டு நூலுக்குச் சற்றுக் குறைவாக விரிந்திருக்கிறது. போல்ட் நீள்துளைக்குள் நகர்ந்த தடம் தெரிகிறது. மேல் தளம் நேராகவே நிற்கிறது. இதற்குத்தான் ஏப்ரலில் அவ்வளவு நீட்டினேன்.

2023 பிப்ரவரி 5

மஞ்சள்கறை பற்றி எழுதச் சொன்னார்கள். முதல் வருடம் ஒரு கவலையும் இல்லை, அயினியே மஞ்சள், கறை விழுந்தது யாருக்குத் தெரிந்தது? இப்போது மேசை கறுத்து வருகிறது, குழம்பு சிந்தினால் தெரிகிறது. துடைத்துவிட்டு ஜன்னல் பக்கம் விட்டுவிடுங்கள். மஞ்சள் வெயிலுக்கு நிற்காது, சில நாளில் மங்கிவிடும்.

பானைச் சூட்டுத் தடமும் ஒன்று உண்டு, வெள்ளை வட்டமாக. எண்ணெய் தொட்டுத் தேய்த்ததில் பாதி போனது. மீதியின் மேல் மட்டிப்பழத் தட்டை வைத்திருக்கிறோம். எண்ணெயா பியூவா என்று இன்று கேட்டால், சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு பியூ என்றுதான் சொல்வேன். என் மேசைக்கு எண்ணெயே போதும்.

2023 அக்டோபர் 8

அருமனைத் தம்பி நடுப்பலகையைக் கிழித்து ஒட்டுகிற வழிக்கே போகிறாராம், பலகை காய்ந்துகொண்டிருக்கிறது. ஒட்ட ஃபெவிகால் மரைன் போதும், ஓரம் இரண்டும் வெளிச்சம் தெரியாமல் பொருந்துகிறதா என்று மட்டும் பாருங்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து கேள்வி: மறுநடவுக்கு வெட்டுகிற பழைய ரப்பரில் இதேபோல் மேசை வருமா? வரும், ஆனால் வேறு அவசரம். ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். வெட்டிய சில நாளிலேயே நீலப் பூசணமும் துளைப்பூச்சியும் ஏறிவிடும். அறுத்த கையோடு போராக்ஸ் மூன்று பங்கு, போரிக் ஆசிட் இரண்டு பங்கு கலந்த கரைசலில் ஊறவைக்க வேண்டும். மூன்று அங்குலப் பலகைக்குள் அது எளிதில் இறங்காது, அதனால் ஓரங்குலத்துக்கு அறுத்து ஊறவைத்துக் காயவைத்து, பிறகு ஒட்டி அகலமாக்குங்கள். முழு அகலப் பலகை ஆசையை ரப்பரில் வைக்க வேண்டாம். மரம் முறிக்கும் தேதி முடிவானதும் மருந்தையும் தொட்டியையும் முதலில் தயார் பண்ணுங்கள், தடி விழுந்த பிறகு கடை தேடி ஓடினால் நேரம் போய்விடும்.